பெயர் வைக்காத பிள்ளைக்கு ஒரு கேசட்

ஆம்புரோஸுக்குச் சோறு போட்டது சத்தம்தான். மலேசியாவில், ஈப்போ தொலைபேசி நிலையத்தில் அவனுக்கு வேலை. கூரை உயரத்துக்கு நிற்கும் இரும்புச் சட்டங்களில் சுவிட்சுகள் வரிசை வரிசையாக இருக்கும். ஊரில் யாராவது போனில் எண்ணைச் சுழற்றினால் அங்கே கடகடவென்று ஏதோ ஒன்று ஏறி இறங்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் வாரமே தலைவலி மாத்திரை தேடுவார்கள். ஆம்புரோஸோ அந்த இரைச்சலுக்கு நடுவில் கோப்பி குடித்துக்கொண்டே, "மூணாவது வரிசையில ஒண்ணு நொண்டுது, போய்ப் பாரு" என்பான். போய்ப் பார்த்தால் நொண்டிக்கொண்டுதான் இருக்கும்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா அம்மா இருவரும் ரப்பர் பாலுக்காக மரம் வெட்டியவர்கள். ஐந்தாம் படிவம் தேறி, வெள்ளைச் சட்டை போட்டு அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் அந்த லயத்து வீட்டு வரிசையில் அவன்தான். முதல் நாள் வேலைக்குப் போனபோது பத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். அதை இன்றைக்கும் அங்கே சொல்வார்கள்.

எழுபத்தாறாம் வருடம் என்று நினைக்கிறேன், லஹாட் ரோட்டில் ஷரபுதீன் பாயின் கேசட் கடைக்கு ஒரு பெட்டி வந்தது. ஈயச் சுரங்கத்தில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது தன் இசைத்தட்டுகளைப் பாயிடம் தள்ளிவிட்டுப் போயிருந்தார். அந்தக் காலத்தில் பாய் கடையில் சினிமாப் பாட்டு வேண்டுமென்றால் எந்தெந்தப் பாட்டு என்று சொல்லிவிட்டு வந்தால் போதும், இசைத்தட்டிலிருந்து வெற்றுக் கேசட்டில் பதிந்து கொடுப்பார். அந்தப் பெட்டியில் ஒரு சினிமாப் பாட்டும் இல்லை.

"இத ஒனக்குத் தவிர யாருக்கும் போட்டுக் காட்ட முடியாது தம்பி" என்றார் பாய். "நேத்து ஒண்ணு போட்டேன். ஸ்பீக்கர் போச்சுன்னு நெனச்சி ரெண்டு தட்டு தட்டினேன். அப்புறம் பாத்தா பாட்டே அதுதான்!"

ஆம்புரோஸ் நின்றபடியே ஒரு பக்கம் முழுவதையும் கேட்டான். ஜெர்மனிக்காரர்கள் செய்தது. பாடுகிறவன் இல்லை, வயலின் இல்லை, மேளம் இல்லை. அடியில் எட்டுச் சுரம் ஓயாமல் சுற்றிச் சுற்றி ஓட, அதன் மேல் ஒரு நீண்ட ஒலி மெதுவாக நிறம் மாறிக்கொண்டே போனது. எங்கே மாறுகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் மாறிவிட்டிருந்தது. மழைக்கு முன் தோட்டத்து மலைமேல் வெளிச்சம் மாறுவதைப் போல என்று அவனுக்குத் தோன்றியது. அதைப் பாயிடம் சொல்லவில்லை. சொன்னால் வாரம் முழுக்கக் கிண்டல் செய்வார்.

பெட்டியிலிருந்து மூன்று தட்டுகள் அவனுக்குப் பிடித்துப்போயின. பாய் அவற்றைக் கேசட்டில் பதிந்து கொடுத்தார். சுற்றி ஓடும் அந்த முதல் தட்டு. தாளமே இல்லாத இரண்டாவது. பனிமூட்டத்துக்குள் யாரோ மூச்சு விடுவதைப் போல இருக்கும், விடுமுறை நாள் காலையில் பசியாறிவிட்டுக் கேட்க வேண்டிய ஒன்று. மூன்றாவதை ஒரே ஆள் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஒலியாகப் பதிந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் செய்தது என்று உறையின் பின்பக்கத்தில் போட்டிருந்தது. அந்த வரியை ஆம்புரோஸ் திரும்பத் திரும்பப் படித்தான். ஒரே ஆள், வீட்டு அறை. அப்படியானால் அது வெள்ளைக்காரன் மட்டும் செய்கிற காரியமில்லை.

அடுத்த வருடம் பெட்ரீசியாவைக் கட்டினான். பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்துப் பெண். வாய்த் துடுக்கு உள்ளவள். குனோங் ராபாட்டில் வாடகைக்கு எடுத்த வரிசை வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து அவன் அந்த இரண்டாவது கேசட்டைப் போட்டான். அவள் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"இவங்க எப்பங்க பாட ஆரம்பிப்பாங்க?"

"பாட மாட்டாங்க."

"அப்ப நாம எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கோம்?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு அவள் சமையலறையில் இருக்கும்போது கேசட் ஓடினால் நிறுத்தச் சொன்னதில்லை. ஒரு நாள் அவளே, "அந்த மூச்சு விடுற பாட்டப் போடுங்க" என்று கேட்டாள். அன்று ஆம்புரோஸுக்குச் சம்பளம் கூடிய மாதிரி இருந்தது.

எண்பதாம் வருடம் தொடக்கத்தில் அவர்களுக்குப் பிறக்க வேண்டிய பிள்ளை, எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. பெண் பிள்ளை.

பெட்ரீசியா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளையின் சவப்பெட்டியை ஆம்புரோஸும் அவளுடைய தம்பி செபாஸ்டியனும்தான் கல்லறைக்குக் கொண்டு போனார்கள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பூசை வைக்கும் வழக்கம் இல்லை, கோயில் மணி அடிப்பதில்லை, பாட்டு இல்லை. பெண்கள் வருவதில்லை. வேலியோரம் ஒரு மூலை, அவ்வளவுதான். திருச்சபையின் புதிய சடங்கு முறையில் வேறு வழி உண்டு என்று பிற்காலத்தில் சிலர் சொன்னார்கள். அன்று அந்த ஊரில் யாருக்கும் அது தெரியவில்லை, கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. உபதேசியார் பெரியநாயகம் ஐயா குடையோடு வந்து நின்றார். பூசையில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர், வெண்கலக் குரல். அன்று அந்தக் குரல் வெளியே வரவில்லை. நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார்.

"எனக்கும் மனசு கேக்கல தம்பி" என்று மட்டும் சொன்னார். மண் மூடும்வரை போகாமல் நின்றார்.

ஆம்புரோஸின் காதுக்கு அந்த நேரம்தான் தாங்கவில்லை. மண்வெட்டிச் சத்தம், குடைமேல் தூறல், தூரத்தில் லாரி. அதைத் தவிர ஒன்றுமில்லை. ஆயிரம் சுவிட்சுக்கு நடுவில் அமைதியாகக் கோப்பி குடிக்கிறவன், அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டு நடுங்கிப்போனான்.

வீட்டுக்கு வந்த பிறகு பெட்ரீசியா ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"பாட்டுப் பாடினாங்களா?"

"மழ வந்திருச்சி" என்றான்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவனும் பேசவில்லை. துடுக்காகப் பேசிய பெண் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சமைத்தாள், துணி துவைத்தாள், பூசைக்கு வந்தாள். ஆனால் அவளுடைய குரல் வீட்டில் எங்கேயும் இல்லை. கேசட்டும் ஓடவில்லை.

அந்த வருடம் நடுவில்தான் ஆம்புரோஸ் சிந்தசைசர் வாங்கினான், அந்தத் தட்டுகளில் ஒலித்த மின்வாத்தியம். ஈப்போ ஹோட்டல் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்த பிலிப்பினோக் குழு கலைந்தபோது கைமாறியது. மூன்று ஸ்தாயிக்குக்கூடக் கட்டைகள் இல்லாத சின்னப் பெட்டி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான் ஒலிக்கும். இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றுதான் கேட்கும். அதோடு பழைய ஆர்கனிலிருந்து கழற்றிய தாளப்பெட்டி ஒன்றும் வந்தது. அவற்றை வைக்க வீட்டில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. பின்னறை. பிள்ளைக்கென்று ஒதுக்கிய அறை. பிள்ளையின் துணி மடித்து வைக்க வாங்கிய மேசைமேல் அவன் கருவியை வைத்தான். பெட்ரீசியா வந்து பார்த்தாள். மேசையடியில் இருந்த சின்ன மெத்தையை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொன்னது அவளுடைய அக்கா எல்ஸி. சிலிபினிலிருந்து மீன் குழம்பு எடுத்துக்கொண்டு வந்தவர், பின்னறையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த ஆம்புரோஸைப் பார்த்துக் கொதித்துப்போனார்.

"ஏன் தம்பி, அவ அங்க செவுத்தப் பாத்துக்கிட்டு கெடக்கா. நீங்க இங்க பொம்ம வாங்கி வச்சி வெளயாடுறீங்களா? அந்தப் புள்ளைக்கி வாங்க வேண்டிய பொம்மையா இது?"

அவன் ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அந்தப் பிள்ளைக்குத்தான் வாங்கினேன் என்று சொன்னால் பைத்தியம் என்பார். ஆனால் விஷயம் அதுதான். மணி அடிக்காமல், ஒரு வரி பாடாமல் புதைத்துவிட்டு வந்த பிள்ளைக்கு, அன்று கிடைக்காத இசையைத் தன் கையாலேயே செய்துவிட வேண்டும். அதைப் பெட்ரீசியா கேட்க வேண்டும். கேட்காவிட்டால், தான் பிள்ளையை மறந்துவிட்டதாகவே அவள் கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடாக வாழ்ந்து முடித்துவிடுவார்கள். அவனுக்கு இருந்த பயம் அதுதான்.

கற்றுக்கொடுக்க ஊரில் ஆள் இல்லை. தன் கேசட் மெஷினோடு பாயிடம் இன்னொன்றை இரவல் வாங்கி இரண்டையும் வயரால் இணைத்தான். முதல் மெஷினில் ஓர் ஒலியைப் பதிவு செய்வான். அதை ஓடவிட்டு, கூடவே அடுத்த ஒலியை வாசித்து, இரண்டையும் சேர்த்து இரண்டாவது மெஷினில் பதிவு செய்வான். பிறகு அங்கிருந்து இங்கே. ஒவ்வொரு தடவை மாறும்போதும் கீழே இருப்பது கொஞ்சம் மங்கும், சீறல் கொஞ்சம் ஏறும். மேலே ஒன்றை அடுக்கிவிட்டால் அடியில் உள்ளதை எடுக்க முடியாது, திருத்த முடியாது. எது கடைசிவரை தாங்குமோ அதைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்பது அவனுக்குப் பல கேசட்டுகள் பாழான பிறகு புரிந்தது.

கருவிக்கு வெயிலும் ஆகாது. பத்து மணிக்கு மேல் கூரை சூடேறினால் சுரம் தானாக ஏறிப் போய்விடும். ஆகவே வேலை இல்லாத நாட்களில் விடிந்ததும் உட்காருவான். சுரம் கூட்ட வேறு எதுவும் தேவைப்படவில்லை. நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு டயல் டோன் அவன் காதுக்குள்ளேயே இருந்தது. அதற்கு ஒத்து முறுக்குவான்.

முதலில் செய்ததைப் பாயிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினான். பாய் கல்லாவில் கன்னத்தை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. அந்த ஜெர்மன்காரன் கேட்டா, நம்ம தட்டு எப்படிடா ஈப்போல ஓடுதும்பான்."

ஆம்புரோஸின் முகம் வாடிவிட்டது. பாய் அதைப் பார்த்தார்.

"யாருக்குடா தம்பி இத இவ்ளோ பாடுபட்டுப் பண்றே?"

அப்போதுதான் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னான். கடையில் வேறு யாரும் இல்லை. பாய் எழுந்து உள்ளே போய், தனக்கென்று வைத்திருந்த உயர்ந்த ரகக் கேசட் ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "என் மெஷினத் திருப்பித் தரவேணாம். வேல முடியட்டும்" என்றார்.

எட்டுச் சுரம் சுற்றி ஓடுவதை ஆம்புரோஸ் விட்டுவிட்டான். அன்று எது இல்லையோ அதை வைக்கத் தொடங்கினான். முதலில் மணி. கருவியின் குமிழ்களைத் திருகித் திருகி, தூரத்தில் அடிக்கிற கோயில் துக்கமணி போல ஓர் ஒலியைக் கொண்டுவந்தான். அடித்து, கரைந்து, முழுதாக அடங்கிய பிறகுதான் அடுத்தது. அதன் மேல் தாழ்ந்த ஒரு குரல், வாயை மூடிக்கொண்டு முனகுவதைப் போல. அதற்கும் மேலே, பெட்ரீசியாவுக்குப் பிடித்த மூச்சு. எல்லாவற்றுக்கும் நடுவில் பிள்ளையின் இதயம். ஆறாம் மாதத்தில் கிளினிக் நர்ஸ் பெட்ரீசியாவின் வயிற்றில் வைத்துக் கேட்கும் குழலை அவன் காதிலும் ஒரு தடவை வைத்திருந்தார். குதிரை ஓடுவதைப் போல டக் டக் டக் டக். தாளப்பெட்டியில் அதை அப்படியே கொண்டுவந்தான். ஒரு துளி பிசகவில்லை. அந்த ஒழுங்கைப் பற்றி அவனுக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது. இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாளும் ஒரு தடவை வந்துபோனது. பெட்ரீசியா தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

எண்பத்தொன்றில், செப்டம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்து வந்ததும் ஆம்புரோஸ் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"ஒரு தடவ வந்து கேளு."

"எதுக்கு?" அவள் திரும்பவில்லை.

"அன்னிக்கி நீ ஒண்ணு கேட்டியே. பாட்டுப் பாடினாங்களான்னு."

"மழ வந்திச்சின்னு சொன்னீங்க."

"மழ வந்திச்சி. ஆனா பாடல. யாரும் பாடல. மணியும் அடிக்கல."

பெட்ரீசியா கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"தெரியும். செபாஸ்டியன் மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிக்கிட்டேன். நீங்களா ஒரு நாள் சொல்லுவீங்கன்னு பாத்தேன்." கைத்துணியை மடித்து வைத்தாள். "நீங்க அந்த ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டீங்க."

பின்னறைக்கு வந்தாள். அந்த மேசை முன்னால் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஹெட்போனை அவனே மாட்டிவிட்டான். கேசட் ஓடியது. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவளுடைய முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை மூடியிருந்தாள். மணி, முனகல், மூச்சு என்று ஒவ்வொன்றாக எங்கே வரும் என்று அவனுக்கு மனப்பாடம். இதயம் வருகிற இடத்தில் அவளுடைய புருவம் சுருங்கியது. முடியும்வரை விரியவில்லை.

ஹெட்போனைக் கழற்றினாள்.

"மணி நல்லா இருக்கு." மறுபடியும், "நல்லா இருக்குங்க. இந்த டக் டக் என்னா?"

"பாப்பாவோட நெஞ்சு."

"நீங்க ஒரு தடவ காதுல வச்சிக் கேட்டீங்க. அது எனக்குள்ள இருந்திச்சி." கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "இப்படி போலீஸ்காரன் நடக்கிற மாதிரி இருக்காதுங்க அது. இதுல யாரோ வேற புள்ள இருக்கு."

அவன் குனிந்து மெஷினை அணைத்தான்.

"காலையில நான் நின்னு வேல செய்யிறப்ப சும்மா தூங்கும். உக்காந்தேன்னா போதும், இப்படி." வலது கை நடுவிரலால் மேசைமேல் இரண்டு தட்டுத் தட்டினாள். "அதுக்கப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே இருக்காது. இருக்கியாடின்னு நானே வயித்தத் தட்டுவேன். உடனே பதில் வராது. ராங்கி. நான் மறந்துட்டு வேற எதையாச்சும் நெனக்கிறப்ப, மெதுவா ஒண்ணு..." விரல் மேசையில் பட்டும் படாமலும் இறங்கியது. "அப்புறம் சும்மா உருளும்." உள்ளங்கையால் மரத்தைத் தடவினாள்.

ஆம்புரோஸ் மைக்கைத் தேடி எடுத்தான்.

"திரும்பத் தட்டு."

"திரும்ப எப்படிங்க தட்டுறது? ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருந்ததில்லையே."

அவன் கேசட்டைப் பார்த்தான். இதயம் நடு அடுக்கில் இருந்தது. அதை மட்டும் உருவி எடுக்க முடியாது. முதலிலிருந்து, மணியிலிருந்து செய்ய வேண்டும். ஒரு வருடத்து விடியற்காலைகள் அத்தனையும் அந்த நாடாவில் இருந்தன. பிறகு பாய் கொடுத்த கேசட்டுகளில் புதிய ஒன்றைப் பிரித்தான்.

இந்தத் தடவை அவள் விரலைத்தான் அடியில் வைத்தான். மணியை மட்டும் பக்கத்தில் மெல்ல ஓடவிட்டு, மேசை மரத்தோடு மைக்கை ஒட்டினான். "மணியப் பாக்காத. தாளத்துக்குச் சேர்க்காத. ஒனக்கு எப்படி ஞாபகம் வருதோ அப்படி" என்றான். பெட்ரீசியா தட்டினாள். நிறுத்தினாள். ரொம்ப நேரம் ஒன்றும் செய்யவில்லை. அவன் மெஷினை நிறுத்தவில்லை. அந்த இடைவெளியில் அவள் அழத் தொடங்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அழுது அவன் பார்த்ததில்லை. அழுகையோடே விரல் மறுபடி இறங்கியது, ஒன்று, மெதுவாக. ஆம்புரோஸ் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான். கேசட் ஒரு பக்கம் முடிந்து தானாக நின்றது.

அன்று மத்தியானம் பின்னறைக் கதவு திறந்தே கிடந்தது. எல்ஸி அக்கா வந்தவர் வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "சோறாவது ஆக்கினீங்களா, இல்லியா?" என்று மட்டும் கேட்டு, தானே அடுப்பை மூட்டினார்.

நவம்பரில் கல்லறைத் திருநாள். அதற்குள் அவள் விரலின் மேல் மணியையும் மற்றதையும் அடுக்கி முடித்திருந்தான். முதல் நாளே பெட்ரீசியா, "நானும் வாரேன்" என்றாள். செபாஸ்டியன் மெழுகுவர்த்திகளோடு வந்தான். ஆம்புரோஸ் கையில் இருந்த கேசட் ரேடியோவைப் பார்த்து அவனுக்குக் கவலை.

"மச்சான், பேட்டரி புதுசுதானே? அத்தன சனத்துக்கு நடுவுல இழுக்க ஆரம்பிச்சா மானம் போயிரும்லா."

"புதுசுதான்டா."

கல்லறை நிறைந்திருந்தது. எல்லாச் சிலுவைக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வேலியோர மூலையில் மட்டும் லாலான் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அங்கே சிலுவை கிடையாது. செபாஸ்டியன் புல்லை வெட்டி இடத்தைக் காட்டினான். பெட்ரீசியா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். "இவ்ளோதானா எடம்" என்றாள்.

மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஆம்புரோஸ் பட்டனை அழுத்தினான். அடியில் விரல் தட்டும் மரத்துச் சத்தம், நீண்ட இடைவெளி, அதற்கு மேல் தூரத்து மணி.

பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு பெரிய கல்லறைகளின் வரிசையில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் வந்த பெரியநாயகம் ஐயா அந்தச் சத்தத்தைக் கேட்டு வேலிப் பக்கம் திரும்பினார். கூட்டத்தை விட்டு விலகி வந்தார்.

"என்ன தம்பி இது? யாரு பாடுறது?"

"பாடல ஐயா. புள்ளைக்கிச் செஞ்சது. தட்டுறது அதோட அம்மா."

உபதேசியார், சாமியார் போன திசையைப் பார்த்தார். பிறகு தலையில் இருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "நான் இல்லாட்டி ஃபாதர் தேடுவாரு" என்று முணுமுணுத்தார். ஆனால் போகவில்லை. செபாஸ்டியன் அவருக்கு நிற்க இடம் விட்டான்.

ஆட்கள் பார்ப்பார்களே என்று ஆம்புரோஸ் ரேடியோவின் ஒலியைத் தாழ்வாகத்தான் வைத்திருந்தான். பக்கத்து வரிசையில் ஒரு குடும்பம் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் விரலின் மெல்லிய தட்டு மூழ்கிக்கொண்டிருந்தது.

"கூட்டி வைங்க" என்றாள் பெட்ரீசியா.

குமிழைத் திருப்பினான். ஜெபமாலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தையைத் தூக்கியிருந்த ஒரு பெண் நின்றுவிட்டாள்.

"இன்னும்" என்றாள் பெட்ரீசியா.